கடைசித் தெருவுக்கு வரும் வண்டி

அந்தத் தெருவில் எல்லோரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. தூக்கத்தில்கூட யாருடனாவது வழக்காடிக்கொண்டிருப்பாள் என்று அப்பா கேலி செய்வார். அப்படிப்பட்ட வாயாடி, தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, கேட்டால் மட்டும் பதில் சொன்னாள்.

தம்பிக்கு நாலு வயது. செல்லப் பெயர் குண்டு. கன்னம் இரண்டும் பன்னைப் போல உப்பியிருக்கும். அதெல்லாம் போன மாதம். இப்போது சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணிவிடலாம்.

அவனை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்த பாலை வாங்கி வந்தவள் வாயாடிதான். அன்றைக்கு அம்மா துணிக்கடை வேலைக்குப் போயிருந்தாள். வாயாடி தெருமுனைக் கடையில் பால் பாக்கெட் வாங்கினாள். காய்ச்சச் சோம்பல்பட்டு, அப்படியே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். தம்பி முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தான். நடிக்காமல் குடி என்று அதட்டினாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனும் குடித்தான். சாயங்காலத்துக்குள் வாந்தியும் பேதியுமாகத் துவண்டு விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இன்னொரு குழந்தை இருந்தது. ஒரு நாள் காலையில் அங்கே விரிப்பு மட்டும் இருந்தது. பாப்பா வீட்டுக்குப் போய்விட்டதா என்று வாயாடி கேட்டாள். அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். வாயாடிக்குப் புரிந்துவிட்டது. அன்று பிடித்த பயம் அவளை இன்னும் விடவில்லை.

பிழைத்து வந்த தம்பியோ எதையும் சாப்பிட மாட்டேன் என்கிறான். பாலைக் கண்டால் வாயைப் பொத்திக்கொள்கிறான். காயை மசித்து ஊட்டினால் துப்புகிறான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது. அந்தத் தெருமுனைக் கடை கேரட்டை வளைத்தால் வளையல் செய்யலாம். கீரை, வாங்க வந்தவர்களைப் பார்க்க வெட்கப்பட்டதுபோலத் தலையைத் தொங்கப் போட்டிருக்கும்.

“இப்படியே போனா மறுபடியும் படுக்கவச்சு ட்ரிப்ஸ்தான் ஏத்தணும். உடம்பு தாங்குமான்னு சொல்ல முடியாது” என்றார் டாக்டர். நல்ல பாலும் புதுக் காயும் கொடுங்கள் என்றும் சொன்னார். அதெல்லாம் எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு ஆலையில் வேலை. அம்மாவால் தம்பியை விட்டு நகர முடியாது. ஆகவே நல்ல கடையைத் தேடும் வேலையை வாயாடி தானாகவே எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் தெரு, ஒரு நீண்ட சாலையின் கடைசியில் இருந்தது. சாலையின் மறுமுனையில் பாலம். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் அந்தப் பக்கமாக நடந்து, வழியில் இருந்த கடைகளில் எல்லாம் நுழைந்து பார்த்தாள். தெருமுனைக் கடையை மட்டும் திரும்பிப் பார்க்க மாட்டாள். இப்போது அதற்கு அழுகல் கடை என்று பெயராகிவிட்டது. கடைக்கார மாமா ஏதோ சொல்ல வாயெடுப்பார். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள்.

தையல்காரர் வீட்டுக்கு அடுத்த கடையிலும் கீரை வாடித்தான் கிடந்தது. அதற்கு அடுத்த கடையில் பரவாயில்லை. பாலத்தை நெருங்க நெருங்கக் கீரை நிமிர்ந்து நின்றது. தக்காளிக்குப் பளபளப்பு வந்தது. எல்லாக் கடையிலும் தெருமுனைக் கடையில் இருக்கும் அதே பச்சைக் கூடைகள்தான், ஒரே இடத்துச் சரக்குதான். அதெப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு பாலத்தடிக் கடைக்கே போனாள். அப்போதுதான் ஒரு வண்டி வந்து நின்றது. கடைக்கார அக்கா கூடை கூடையாகக் கிளறி, நல்லதாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டார். நசுங்கியதையும் வதங்கியதையும் திரும்ப வண்டிக்குள்ளேயே போட்டார். அடியில் சில்லென்று இருந்த பாலை எடுத்துக்கொண்டு, மேலே இருந்ததை அப்படியே விட்டுவிட்டார். அடுத்த கடைக்கு வண்டி போனது; வாயாடியும் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். அங்கேயும் இதே கதைதான்.

வாயாடி பாலத்தடிக் கடைக்குத் திரும்பி, பாலும் கேரட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். ஓட்டமும் நடையுமாகப் போனாலும் அது கிட்டத்தில் இருக்கும் வீடா என்ன? வெயில் ஏறிவிட்டது. அம்மா பாலை அடுப்பில் வைத்தாள். கொதி வரும் நேரத்தில் திரிதிரியாகப் பிரிந்தது.

தம்பி எட்டிப் பார்த்தான். அழக்கூட இல்லை. போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டான். அம்மா பாலைக் கொட்டிவிட்டு, பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். போதும்மா, பாத்திரம் வெளுத்துப்போச்சு என்று சொல்ல நினைத்தாள் வாயாடி. சொன்னால் அம்மா அழுதுவிடுவாள் என்று தோன்றியது. வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

நல்ல கடையைக் கண்டுபிடித்தும் என்ன பயன்? வீட்டுக்கு வருவதற்குள் எல்லாம் வீணாகிறதே. அந்த வண்டி கடைசியில் தெருமுனைக் கடைக்கும்தானே வரும் என்று யோசித்தவள், எழுந்து நேராக அங்கே போனாள்.

கடைக்கார மாமா ஈ ஓட்டிக்கொண்டிருந்தார், நிஜமாகவே. அவளைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டார். வீட்டுக்கு வந்து பார்க்கத் தனக்கு முகம் இல்லை என்றார். அன்றைக்கு அதே பாலைத் தானும் குடித்து, இரண்டு நாள் சுருண்டு கிடந்ததாகச் சொன்னார்.

“நல்லதா எடுத்து வைக்கலாம்ல மாமா?”

“எனக்குன்னு நான் எதையும் எடுத்ததே இல்ல கண்ணு. எல்லாரும் பொறுக்கினது போக மிச்சத்த இறக்கி வச்சிட்டுப் போவாங்க. கடைசித் தெருன்னா அப்படித்தானே?”

அப்படித்தான் என்று யார் சொன்னது என்று வாயாடி கேட்டாள். தான் கடை வைத்த நாளிலிருந்தே அப்படித்தான் என்றார் மாமா.

உச்சி வெயிலில் வண்டி வந்தது. வண்டிக்கார அண்ணா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மிச்சக் கூடைகளை இறக்க ஆரம்பித்தார். வாயாடி போய்ப் பக்கத்தில் நின்றாள். இத்தனை நாளாக அடைத்துக் கிடந்த வாய் திறந்துகொண்டது.

“அண்ணா, இங்க இறக்கிட்டு எப்படித் திரும்பிப் போவீங்க?”

“இந்தப் பக்கமா மெயின் ரோட்டைப் பிடிச்சு, சந்தைக்கே போயிடுவேன்.”

“அப்போ காலையில வரும்போதே அந்த ரோட்டு வழியா இங்க வரலாம்ல?”

அண்ணா சிரித்தார். முன்பு இந்த வண்டியை ஓட்டியவர் அவருடைய பெரியப்பா. பாலத்தில் தொடங்கி இங்கே முடிக்க வேண்டும் என்று அவர்தான் வழி காட்டினாராம். மாற்றினால் பாலத்தடி அக்கா உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார் என்றார்.

“ஒரு நாள் அவங்க முதல்ல. ஒரு நாள் நாங்க முதல்ல. அது நியாயம்தானே?”

“பெரியவங்க வியாபாரம் பாப்பா. உனக்கு எதுக்கு இதெல்லாம்?”

வாயாடி விடவில்லை. கூடையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“என் தம்பி இங்க வாங்கின பாலைக் குடிச்சிட்டுச் சாகக் கிடந்தாண்ணா. நான்தான் குடுத்தேன். இப்ப எதையும் சாப்பிட மாட்டேங்கிறான். டாக்டர் பயமா இருக்குன்னு சொல்றாரு.”

அண்ணாவின் கையில் இருந்த கூடை அப்படியே நின்றது. அந்தப் பால் என் வண்டியிலா வந்தது என்று மெதுவாகக் கேட்டார். கடைக்கார மாமா தரையைப் பார்த்தார். அண்ணா தார்ப்பாயை விலக்கி, பால் பாக்கெட் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். அதிகாலையில் ஏற்றும்போது தொட்டதோடு சரி. இந்தத் தெருவில் வைத்து அவர் பாலைத் தொட்டதே இல்லை. பாக்கெட் சுட்டதும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பால் கூடையை இறக்காமல் தார்ப்பாயை மூடினார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

காரியம் கெட்டது என்றுதான் வாயாடி நினைத்தாள். பாலும் போச்சு, வண்டியும் போச்சு. நாளைக்கு ஊரே நம்மைத் திட்டப் போகிறது என்று அன்று இரவு முழுக்கப் புரண்டு புரண்டு யோசித்தாள்.

மறுநாள் தெரு பல் தேய்க்கும் நேரத்தில் ஹாரன் சத்தம் கேட்டது. வாயில் நுரையோடு கடைக்கார மாமா ஓடி வந்தார். வண்டி நிறையக் கூடைகள், ஒன்றில்கூட யாரும் கை வைக்கவில்லை. கீரை நிமிர்ந்து நின்றது. பால் கூடைகளைச் சுற்றி ஈரச் சாக்கு போட்டிருந்தது.

“நேத்தே அந்த அக்காகிட்டப் பேசிட்டேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்” என்றார் அண்ணா. “பரவாயில்ல. இனி ஒரு நாள் விட்டு ஒரு நாள் இங்கதான் முதல்ல. எடுங்க மாமா.”

மாமா எடுக்கவில்லை. பொறுக்கிப் பழக்கமே இல்லாத மனுஷர், இத்தனை கூடைகளைப் பார்த்துத் திகைத்து நின்றார். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று வாயாடியிடமே கேட்டார். கேரட்டை ஒடித்துப் பாருங்கள், ‘டக்’ என்று கேட்டால் எடுங்கள் என்றாள் அவள். பத்துக் கேரட்டை ஒடித்துவிட்டார் மாமா. போதும், விற்கவும் கொஞ்சம் வேண்டும் என்று அண்ணா தடுக்க வேண்டியிருந்தது.

அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். வேலைக்குக் கிளம்பிய அப்பாவும் செருப்போடு நின்றார். பால் பொங்கி வந்தது. பிரியவில்லை. அம்மா ஆற்றி டம்ளரில் ஊற்றினாள்.

தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். விரலிடுக்கு வழியாக வாயாடியைப் பார்த்தான்.

“நீ முதல்ல குடி” என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. இந்த முறை அதட்டவில்லை. டம்ளரை வாங்கிப் பாதி வரை குடித்தாள். தம்பி அவள் முகத்தையே பார்த்தான். வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். வாந்தி வருதா என்று கேட்டான். இல்லை என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தான். வீட்டில் யாரும் அசையவில்லை.

பிறகு டம்ளரைப் பிடுங்கி, முகர்ந்து பார்த்து, ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

காலி டம்ளரின் அடியைப் பார்த்த தம்பிக்குக் கோபம் வந்தது.

“அம்மா, இவ என் பாலைப் பாதி குடிச்சிட்டா. எனக்கு அது வேணும்.”