மாசியில் வந்த மழைக்குறி

உப்புச் சட்டிக்குள் விட்ட அம்மாக்கண்ணுவின் விரல்கள் நனைந்து வெளியே வந்தன. காலையில் கல்லாகக் கிடந்த உப்பு, பொழுது சாய்வதற்குள் கசிந்து தண்ணீராகியிருந்தது. ஐம்பத்தாறாம் வருட மாசி மாதம். இலங்கை மலைநாட்டின் பொகவந்தலாவைப் பக்கம் மழை தலைகாட்டி எத்தனையோ நாளாகிவிட்டது. தேயிலைக் கொழுந்து கருகும் கோடையில் உப்பு எதற்குக் கசிய வேண்டும்?

புருஷன் வைரவன் தேயிலை ஆலையான ஸ்டோருக்கு வேலைக்குப் போயிருந்தான். நான்கு வயது மகள் சீதா காய்ச்சலோடு சாக்குக் கட்டிலில் சுருண்டிருந்தாள். அந்தக் கட்டிலுக்கடியிலிருந்து எறும்புகள் வெள்ளை முட்டைகளைக் கவ்விக்கொண்டு சாரி சாரியாய்ச் சுவரேறின. தட்டான்கள் தாழப் பறந்து பிள்ளையின் தலையைச் சுற்றின. ஈரமண் வாசம் குப்பென்று எழுந்தது. எல்லாம் தோட்டத்து லயவீட்டுச் சிறுசுகளுக்கும் தெரிந்த மழைக்குறிகள். வாசலுக்கு ஓடிப் பார்த்தாள். வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை. முற்றத்தில் புழுதி பறந்தது.

பிள்ளையை வாரிக்கொண்டு பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கு ஓடினாள்.

"காளியாயி அக்கா, எங்க வீட்ல உப்பு தண்ணியாப் போச்சுக்கா. எறும்பு முட்டையத் தூக்கிட்டு ஓடுது."

"காய்ச்சக்காரப் புள்ளயப் பாத்துப் பாத்து ஒனக்கும் கிறுக்குப் புடிச்சிருச்சா? இந்தா, எங்க உப்பப் பாரு."

காளியாயி நீட்டிய சட்டியில் உப்பு உலர்ந்து கிடந்தது. அம்மாக்கண்ணுவுக்குப் போன உயிர் திரும்பியது. பிள்ளையை அங்கிருந்த பாயில் கிடத்தினாள்.

சட்டிக்குள் ஒரு மினுமினுப்பு. பிறகு ஈரம். இருவரும் பார்த்திருக்கும்போதே உப்பு கரைந்தது. பாயோரத் தரைவெடிப்பிலிருந்து எறும்புகள் கிளம்பின. முட்டைகளோடு.

காளியாயியின் முகம் வெளிறியது.

"குறி ஒன் வீட்டுக்கு இல்ல, தாயி. ஒம் புள்ளைக்கு. தூக்கிட்டுப் போயிரு. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

அம்மாக்கண்ணு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.

ஸ்டோர் ரோட்டில் ஓடினாள். வைரவனிடம் சேர்ந்துவிட்டால் போதும். நிலா. புழுதி. சொந்த மூச்சின் இரைச்சல். பாதி வழியில் பிள்ளை கனத்தாள்.

"சீதா! அம்மாவப் பாரு, கண்ணு!"

உடம்பு சில்லிட்டிருந்தது. அழுதுகொண்டே நெஞ்சில் காதை வைத்தாள். துடிப்பைத் தேடினாள்.

உள்ளே, எங்கோ ஆழத்தில், இடி உருண்டது.

பிறகு அந்த நெஞ்சுக்குள்ளேயே சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

சீதா வாயைத் திறந்தாள். செம்மண் கலங்கிய தண்ணீர் வழிந்து, அம்மாவின் சேலையை நனைத்து, காய்ந்த ரோட்டில் ஓடத் தொடங்கியது. ஓடிக்கொண்டே இருந்தது.