இருட்டில் தூக்கிய கை

"ஐயையோ, அதைப் பல்லால கடிக்காதீங்க!"

ஏணியின் உச்சியில் நின்றிருந்த வயர்மேன் குனிந்து பார்த்தான்.

கீழே, முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள். கொட்டப் போகிறேன், கொட்டப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே கொட்டாமல் நிற்கும் மேகம் மாதிரி கறுத்துக் கனத்த கண்கள். இப்போது அவற்றில் கோபம் மட்டும்தான்.

"பதினெட்டு வருஷமா இதுதான் மேடம் என்னோட கட்டிங் பிளேயர்," என்றான், வயரின் நுனியை வாயில் வைத்தபடியே. "கடையில வாங்கினது துருப்பிடிச்சுப் போச்சு. இது மட்டும் இன்னும்..."

க்ளுக்.

வெள்ளையாக ஏதோ ஒன்று அவன் வாயிலிருந்து நழுவி, ஏணிப்படியில் ஒரு துள்ளு துள்ளி, பல் டாக்டரின் செருப்பருகே போய் உட்கார்ந்தது. மேல்வரிசை முன்பல். முக்கால்வாசி!

அவள் குனிந்தாள். இடுக்கியால் அதை எடுத்துப் பார்த்தாள்.

"உங்க பிளேயர் கீழே விழுந்துடுச்சு," என்றாள்.

முன்மேஜையில் உட்கார்ந்து நோயாளிகளின் பெயரை எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் அம்மா, "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. இந்தத் தம்பிக்கு இனிமேலாவது பேச்சுக் குறையட்டும்," என்று சிரித்தாள். அவனும் சிரிக்கப் போனான். நாக்கு வெற்றிடத்தில் போய் இடறியதும், சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

மூன்று நாளாக விடாத மழை. மாடியில் ஒரே அறையைப் பலகையால் இரண்டாகத் தடுத்து நடத்தும் கிளினிக் அது. முன்பாதியில் அம்மாவின் மேஜை. பின்பாதியில் பல் பார்க்கும் நாற்காலி. அந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது. கூரை ஒழுகி லைனுக்குள் தண்ணீர் இறங்கியதால்தான் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். வேலைக்கு வந்தவனையே நாற்காலியில் சாய்க்க வேண்டியதாகிவிட்டது.

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தாள். அவள் புருவம் சுருங்கியது.

"இந்தப் பல்லுக்கு ஏற்கெனவே வேர்சிகிச்சை நடந்திருக்கே. எப்ப?"

"மூணு வருஷம் இருக்கும்."

"அதோட விட்டுட்டீங்களா? நரம்பை எடுத்த பல்லு காய்ஞ்ச குச்சி மாதிரி. மேல கேப் போட்டாத்தான் தாங்கும். அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க."

"வலி நின்னுடுச்சு, டாக்டரை மறந்துட்டீங்க. எல்லாரும் இப்படித்தான்!"

அவன் சட்டைப்பையிலிருந்து பர்ஸை எடுத்து, அதற்குள்ளிருந்த ஒரு சீட்டை நீட்டினான். மடித்த இடமெல்லாம் நைந்து, மை கலங்கிப்போன சீட்டு. அதில் ஒரு தேதி.

"அந்தத் தேதியிலதான் என் வீட்டுக்காரி தவறிட்டா. காய்ச்சல்... நாலே நாள். போகணும்னுதான் இருந்தேன் டாக்டர். அப்புறம்... எதுக்கும் போகத் தோணல."

கோபமாக இருந்த கண்கள் தாழ்ந்தன. சீட்டை அவள் மடிப்புக் கலையாமல் மடித்தாள். அவன் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்தாள்.

"மன்னிச்சிடுங்க," என்றாள்.

சீட்டைப் பர்ஸுக்குள் வைத்துவிட்டு, "பிடுங்கிடலாமா டாக்டர்?" என்றான்.

"எதுக்கு? வேர் நல்லாத்தான் இருக்கு. ஈறுக்கு வெளிய ரெண்டு மில்லிமீட்டர் மிச்சம் நிக்குது. அதை வச்சுக்கிட்டே எழுப்பிடலாம்." மெல்லிய குச்சி ஒன்றை எடுத்துக் காட்டினாள். தீக்குச்சியில் பாதிகூட இருக்காது. பனித்துளி உறைந்த மாதிரி வெளுப்பு. "ஃபைபர் போஸ்ட். வேருக்குள்ள இதை நட்டு, இதைச் சுத்திப் பல்லைக் கட்டி, மேல கேப் போடுவோம்."

"இரும்புல போட்டா இன்னும் பலமா இருக்காதா?"

"இரும்பு வளையாது. விழற பாரத்தை எல்லாம் வேர்மேல தள்ளி, ஒருநாள் வேரையே பிளந்துடும். இது கண்ணாடி நார். பல்லு எவ்வளவு வளையுமோ, ஏறக்குறைய அவ்வளவு இதுவும் வளைஞ்சு கொடுக்கும்."

"எங்க கேபிள்ல வெளிச்சம் போகுமே... அந்த நாரா?"

"கிட்டத்தட்ட. இதுக்குள்ளயும் வெளிச்சம் இறங்கும்."

செத்த பல்லுக்குள்ளே வெளிச்சமா... அவன் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை மதியம் வரச் சொன்னாள். வந்தான். அன்றைக்கு உதவிப்பெண் விடுப்பு. டாக்டர் ஒருத்தியாகவே எல்லாம் செய்தாள். வேருக்குள் அடைத்திருந்த பழைய மருந்தை மேல்பாகத்தில் மட்டும் எடுத்தாள், அடியில் இருந்ததைத் தொடவில்லை. கழுவினாள், ஈரத்தை ஒற்றினாள்.

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க. சரியா? வாயால பேசக்கூடாது."

"நரம்பே இல்லாத பல்லு டாக்டர். எப்படி வலிக்கும்?"

"சொன்னதைக் கேளுங்க. சில சமயம் வலிக்கும்."

பசையைத் தடவிக் குச்சியை உள்ளே இறக்கினாள். விரல் நுனியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பசையை இறுக்கும் நீல விளக்கை எடுக்கக் கையை நீட்டினாள். அந்த நொடியில் வானத்தில் ஓர் இடி...

தெருவோடு கரண்டு போய்விட்டது. கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு.

"அசையாதீங்க!" என்றாள். "விளக்கு எரியாது. இந்தப் பசை தானாவும் இறுகும், ஆனா அஞ்சாறு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் நான் விரலை எடுக்கக்கூடாது. எச்சில் பட்டா எல்லாம் வீண். அம்மா, டார்ச் இருக்கா?"

"கீழ் கடையில வாங்கிட்டு வரேண்டி," என்று அம்மா படியிறங்கும் சத்தம் கேட்டது.

இருட்டு. மழை. அவன் உதட்டோரம் அவள் விரல்.

"ரெண்டு பேரும் இப்படிச் சும்மா இருந்தா எனக்குப் பயமா இருக்கு," என்றாள். "ஏதாவது பேசறேன். நீங்க குறுக்க பேச முடியாது, அதுவும் நல்லதுதான்."

இன்னொரு கையால் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"கூடப் படிச்சவர் ஒருத்தர். அடுத்த வாரம் வந்து அம்மாகிட்டப் பேசறேன்னார். அந்த வாரம் பூரா படிக்கட்டுச் சத்தத்துலயே காதை வச்சிருந்தேன். நாலு வருஷம் ஆச்சு. இப்பக்கூட, யாரையாவது 'அடுத்த வாரம் வாங்க'ன்னு அனுப்பறப்ப என் காது படிக்கட்டுப் பக்கம் போயிடும். சிரிக்காதீங்க... ஓ, உங்களால சிரிக்க முடியாது, இல்ல?"

அவன் சிரிக்கவில்லை.

"இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா... நீங்க வேணும்னு வராம இருந்தவர் இல்ல." குரல் இறங்கியது. "கேப் வர ஒரு வாரம் ஆகும். அடுத்த வியாழன்... வராம மட்டும் இருந்துடாதீங்க."

மூன்று வருஷமாக மரத்துக் கிடந்த ஏதோ ஒன்று அவன் நெஞ்சுக்குள்ளே அசைந்தது. தன்னையறியாமல் அவன் இடது கை மெல்ல எழுந்தது. இருட்டில் அது அப்படியே நின்றது. அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தானாகத் தாழ்ந்தது.

பலகைத் தடுப்பருகே டார்ச் வெளிச்சம் விழுந்தது. அம்மா. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாளோ... மகளின் ஈரக் கண்களையும் அவன் முகத்தையும் ஒளி மாறி மாறித் தொட்டது.

கரண்டு வந்து, குச்சியைச் சுற்றிப் பல்லை எழுப்பி, தற்காலிகமாக ஒரு கேப் ஒட்டி அனுப்பியபோது, படிக்கட்டு முனைவரை அம்மா கூடவே வந்தாள்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. அவளுக்கு இப்பதான் ஒரு இடம் கூடி வருது. நீங்க ஏற்கெனவே ஒரு வாழ்க்கை பார்த்தவர். உங்க வேலை வேற, அவ வேலை வேற. மிச்ச வேலையை வேற எங்கயாவது முடிச்சுக்கங்களேன்."

"சரிங்கம்மா," என்றான். வேறு என்ன சொல்வது? ஏணி ஏறிப் பிழைக்கிறவன் எந்தப் படியோடு நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா?

அடுத்த வியாழன் வந்தது. போனது. அன்றைக்கு மதியம் ஊரின் அந்தக் கோடியில் ஒரு வீட்டில் குழாய் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான். கை திருகைத் திருகியது. மனம் முழுக்க ஒரு படிக்கட்டுச் சத்தம். அவள் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளோ... வரமாட்டான் என்று புரிந்துகொள்ள இந்த முறை எத்தனை வருஷம் ஆகுமோ... திருகு கைதவறிக் கீழே விழுந்தது. சனிக்கிழமை தற்காலிகக் கேப்பும் கழன்றுவிட்டது. சுவிட்ச் போர்டு ஒட்டும் பசையை எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று தானே ஒட்டிக்கொண்டான்.

அந்த வியாழனுக்குப் பிறகு பதினோராவது நாள் போன் வந்தது. டாக்டரின் அம்மா.

"நீங்க போட்ட லைன் போயிடுச்சு தம்பி. வந்து பாருங்க."

என் லைன் போகாது! ரோஷம் சுருக்கென்றது. மழையில் நனைந்துகொண்டே போனான்.

மெயின் போர்டைத் திறந்தான். லைனில் ஒரு குறையும் இல்லை. ஃபியூஸ்தான் இல்லை. பிடியோடு யாரோ உருவியிருந்தார்கள். திரும்பினான். அம்மா மேஜை இழுப்பறையிலிருந்து அதை எடுத்து வைத்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள், தலையைக் குனியவில்லை.

"பதினோரு நாளா எவன் படியேறினாலும் அவ தலை தூக்கிப் பார்க்கிறா. பார்த்துட்டுத் தட்டுல சோத்தை அப்படியே வச்சுட்டு எழுந்திரிக்கிறா. கூடி வந்த இடத்தையும் வேண்டாம்னுட்டா." ஃபியூஸை அவன் பக்கம் தள்ளினாள். "உங்களை வராதீங்கன்னு சொன்ன வாயாலயே வாங்கன்னு எப்படிக் கூப்பிடறது? எனக்கும் ரோஷம் இருக்குல்ல? அதான்..."

அவன் ஃபியூஸைச் செருகினான். விளக்குகள் எரிந்தன.

பலகைக்கு அந்தப் பக்கம் அவள் எழுந்து நின்றாள். கண்களின் கீழே கருவளையம்.

"லைன் பார்க்க வந்தீங்களா?"

"ஆமா... இல்ல. கேப்..."

"உட்காருங்க," என்றாள். வாயைப் பார்த்தவள் திடுக்கிட்டாள். "என்ன இது? எதால ஒட்டினீங்க?"

"சுவிட்ச் போர்டு ஒட்டற பசை..."

"ரெண்டு மில்லிமீட்டர் பல்லைக் காப்பாத்த இருட்டுல விரல் மரத்துப்போற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நீங்க சுவிட்ச் போர்டு பசை..." மேலே பேச முடியவில்லை. திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள். பிறகு கையுறையை மாற்றிக்கொண்டு, அரைமணி நேரம் துளித்துளியாக அந்தப் பசையைச் சுரண்டினாள். கடைசியில் குச்சி நட்ட இடத்தை மெல்ல அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"தப்பிச்சுது," என்றாள். சின்னப் பெட்டியைத் திறந்தாள். பதினோரு நாளாகக் காத்திருந்த கேப். "இதை வச்சதும் கொஞ்ச நேரம் பேசக்கூடாது."

"அப்ப, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்."

அவள் கை நின்றது.

"அன்னைக்கு இருட்டுல... நீங்க பேசிக்கிட்டிருந்தப்ப, நான் இடது கையைத் தூக்கினேன். உங்களுக்குத் தெரியல."

"வலிச்சுதா? ஏன் அப்பவே..."

"பல்லு வலிக்கல டாக்டர்."

கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பலகைக்கு அப்பால் பேனா எழுதும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அவளை மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன். அது பொய்யாயிடும்," என்றான். "ஆனா படிக்கட்டுல யாராவது வரணும்னு நீங்க காத்திருந்தா... அது நானா இருக்கணும்னு ஆசையா இருக்கு. அவ்வளவுதான். இப்ப வச்சிடுங்க."

கேப்பில் பசை வைத்தாள். பொருத்தினாள். வலது கை விரலால் அழுத்திப் பிடித்தாள். முகக்கவசத்துக்கு மேலே அந்தக் கண்கள், இத்தனை நாள் கொட்டாமல் நின்ற கண்கள், கொட்டத் தொடங்கின.

அவன் பேச முடியாமல் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

விளக்கு வெளிச்சத்தில், அவன் முகத்துக்கு நேராக, அவளுடைய இடது கை மெல்ல மேலே எழுந்தது.