திட்டும் மொழி

சில நாள்களாக அம்மாவும் மாமாவும் எலியும் பூனையுமாக இருந்தார்கள். ‘வாலு’ என்று எல்லோரும் கூப்பிடும் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது பொறுக்கவே இல்லை.

பாவம், தம்பிப் பாப்பாவுக்குத் தூக்கத்தில் சில சமயம் மூச்சு நின்றுவிடும். தட்டி எழுப்பினால் திரும்ப வரும். அதனால் அம்மா இரவெல்லாம் விழித்திருந்தாள். மூச்சு நின்றால் மணியடிக்கும் ஒரு கருவியை அம்மாவும் அவள் தம்பியான மாமாவும் செய்துகொண்டிருந்தார்கள். இருவருக்கும் கணினி நிரல் எழுதுவதுதான் வேலை. ரஸ்ட், ஸிக் என்ற இரண்டு கணினி மொழிகளில் எதில் எழுதுவது என்பதில்தான் சண்டை.

“ரஸ்ட்ல எழுதுவோம்க்கா. சில தப்பைக் கண்டா நிரலை ஓடவே விடாது,” என்றார் மாமா.

“தொட்டதுக்கெல்லாம் திட்டும். ஸிக் சின்ன மொழி, சொன்னதைச் செய்யும். என் வேலை எனக்குத் தெரியும்டா.”

சொல்லிக்கொண்டே அம்மா அலமாரியைத் திறந்து துணிகளைக் கலைத்தாள். “பாப்பா போர்வை எங்க போச்சு?”

“நீதானம்மா காலையில துவைக்கப் போட்டே?” என்றாள் வாலு.

அம்மா அலமாரியைச் சாத்தினாள். மாமா சிரிக்க வாயைத் திறந்தார். வாலு அவரை ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டார்.

வாலு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உனக்கு வேலை தெரியும்மா. ஆனா நீ தூங்கவே இல்லையே. தூக்கக் கலக்கத்துல எழுதறவங்களுக்குத் திட்டுற மொழிதானே நல்லது?”

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. “சரி, திட்டட்டும்,” என்றாள்.

மறுநாள் மத்தியானம் திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தன. ரஸ்ட் நிரலை ஏற்க மறுத்துவிட்டது.

“என்னம்மா சொல்லுது?”

“வேற இடத்துக்குக் கொடுத்துட்ட பொருளை இன்னும் இங்கயே தேடறேனாம்.”

“போர்வை மாதிரியா?”

“அதே போர்வைதான்.”

மாமா இப்போது சிரிக்கவில்லை. “கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தேன்க்கா. எனக்கும் தெரியலையே,” என்றார்.

தப்பைத் திருத்தினார்கள். மருத்துவர் கருவியைப் பலமுறை சோதித்துப் பார்த்த பிறகே வீட்டில் வைக்கச் சொன்னார். கருவியை வைத்த அன்று சாயங்காலம் அம்மா தொட்டிலுக்குப் பக்கத்தில் படுத்தாள். படுத்ததும் தூங்கிப்போனாள்.

திடீரென்று மணி அடித்தது.

அம்மா பதறி எழுந்து பாப்பாவைத் தட்டினாள். வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாப்பாவின் வயிறு மெல்ல ஏறி இறங்கியது. அடுத்த கணம் வீடே அதிர வீறிட்டு அழுதான்.

மாமா தூக்கப் போனார். அம்மா அவர் கையைத் தடுத்தாள்.

“கொஞ்சம் அழட்டும்டா,” என்றாள். “நல்லா அழட்டும்.”