ஆறு துவக்குகளும் ஒரு செம்பும்

கேத்திலில் தண்ணீர் இல்லை.

பத்து நிமிடத்துக்கு முன்னர்தான் கணேசலிங்கம் தன் கையால் குழாயைத் திறந்து, மேல்கோடு வரைக்கும் நிரப்பி, மூடியை அழுத்தி வைத்துவிட்டு, சாமிப்படங்களுக்கு விளக்கேற்ற முன்னறைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து தூக்கினால் அது காகிதம்போல இலேசாக இருந்தது. சுவிட்சைக்கூட இன்னும் தட்டவில்லை. மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டார். கடையிலிருந்து கொண்டுவந்த அன்று இருந்ததுபோல அடி உலர்ந்து கிடந்தது. ஒழுகியிருக்குமோ என்று மேடையைத் தடவினார், நிலத்தைத் தடவினார். எங்கும் ஈரமில்லை.

"அறளை பேந்திட்டுது எனக்கு," என்று முணுமுணுத்தபடி மறுபடி நிரப்பி, இந்தமுறை கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். கார்த்திகை மாதம். நாலரை மணிக்கே லண்டனின் குட்மேய்ஸ் பகுதி இருண்டுபோய், பின்வளவு வேலிக்கு அப்பால் ரயில் ஒன்று வெளிச்சப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போயிற்று. மேலே மனைவி சிவமலர் இருமினாள். அந்த இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் இடையில், சின்ன அறையின் தரைப்பலகை ஒருமுறை முனகியது. நித்திரையில் யாரோ புரண்டு படுப்பதுபோல.

அந்த அறையில் ஆள் யாரும் இல்லை. கிருஷ்ணராசாவின் துவக்குகள்தான் இருந்தன.

கிருஷ்ணராசா அவருடைய ஊர்க்காரன், ஒரே வகுப்பு, ஒரே விமானத்தில் லண்டனுக்கு வந்து இறங்கியவன். பக்கத்திலுள்ள பார்க்கிங் என்ற ஊரில் பூட்டுத் திறப்பு வெட்டும் கடையொன்றை முப்பது வருடம் நடத்தினான். கல்யாணம் கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் சந்தைகளுக்குப் போய், நூற்றைம்பது இருநூறு வருடத்துக்கு முந்திய துவக்குகளைத் தேடி வாங்கினான். அவன் இறந்த பிறகு வந்து பார்த்த பொலிஸ்காரி, இவை சுவரில் மாட்டி வைக்கிற வயதுத் துவக்குகள், லைசென்ஸ் தேவையில்லை என்று எழுதிக்கொண்டு போனாள். வாய்வழியே வெடிமருந்து இடிக்கும் நீளத் துவக்குகள் மூன்று, இரட்டைக்குழல் ஒன்று, பித்தளைப் பிடி வைத்த கைத்துவக்குகள் இரண்டு. அவற்றோடு அதே பெட்டிக்குள் ஒரு பழைய செம்பும் இருந்தது.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனீ, இஞ்ச வந்து துவக்குச் சேர்க்கிறாய். உனக்கு விசரோடா?" என்று கணேசலிங்கம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்.

"என்னட்டைக் கிடந்தால் ஒருத்தரையும் சுடாது மச்சான்," என்பான் அவன். "தண்ணியைக் குடிச்சுப்போட்டுச் சும்மா கிடக்கும்."

பகிடி என்றுதான் நினைத்தார். ஆனால் விளக்கு வைக்கிற நேரம் அவன் எங்கே நின்றாலும் வீட்டுக்கு ஓடுவான். செம்பு நிறையத் தண்ணீர் பிடித்துத் துவக்குகளுக்கு முன்னால் வைப்பான். ஆஸ்பத்திரியில் வாய் கோணிக் கிடந்தபோதும் கணேசலிங்கத்தின் கையைப் பிடித்து அதைத்தான் கேட்டான். சொல் வரவில்லை, ஒரு துண்டில் எழுதிக் காட்டினான். *மச்சான், துவக்கு உனக்கு. விளக்கு வைக்கிற நேரம் தண்ணி வை. நிப்பாட்டிப் போடாதை.*

"ஓமடா, வைக்கிறன்," என்று கணேசலிங்கம் சத்தியம் பண்ணினார்.

வைத்தார். முப்பது நாளும் வைத்தார். ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் செம்பில் ஒரு விரற்கடை குறைந்திருக்கும். ஹீற்றர் சூடு என்று நினைத்துக்கொள்வார். முப்பத்தோராம் நாள் ஐயரைக் கூப்பிட்டு அந்தியேட்டிக் கிரியைகளைச் செய்வித்தார். பெற்ற பிள்ளைபோல அவனுக்காகத் தர்ப்பை போட்டார். அன்று பின்னேரம் செம்பைக் கவிழ்த்து வைத்தார். செத்த ஆளுக்கு அந்தியேட்டி வரைக்கும்தான் தண்ணீர். அதற்குப் பிறகும் வைத்தால் போகிற ஆத்துமாவைப் போகவிடாமல் வாசலில் மறிப்பதாகும். அவர் தேவாரம் பாடாமல் தேத்தண்ணீர் குடிக்காத மனிதர். இந்த விஷயங்கள் அவருக்குத் தெரியும். கிருஷ்ணராசா கோயிற்பக்கம் தலை வைத்துப் படுக்காதவன், அவனுக்குத் தெரியாது.

தண்ணீர் அவனுக்காகத்தான் என்று எண்ணினார். அதுதான் அவர் செய்த பிழை.

செம்பைக் கவிழ்த்து இன்றைக்கு மூன்றாம் நாள்.

தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு மேலே போனார். சிவமலர் தலையணையில் சாய்ந்து, மடியில் ஒரு கோப்பையோடு இருந்தாள். பார்சல் கொண்டுவருகிற ஆட்களுக்கும் கையில் தண்ணீர்ப் போத்தல் கொடுத்து அனுப்புகிற மனுசி அவள். இந்த மூன்று நாளில் அவளுடைய உதடுகள் வெடித்து, ஓரத்தில் இரத்தம் கறுத்திருந்தது.

"இஞ்சருங்கோ, உளுந்துக்குத் தண்ணி விட்டனீங்களோ?"

"விட்டனான். நேற்று நீர் சொன்ன உடனே விட்டனான்."

"என்னத்தை விட்டியள்?" கோப்பையைக் குலுக்கினாள். உளுந்து கலகலவென்றது. "பைக்கற்றிலை இருந்த மாதிரியே கிடக்கு. தோசை வேண்டாமெண்டால் வாயாலை சொல்லலாம்தானே?"

சிரித்தாள். சிரிப்பு இருமலாகியது. இருமலில் ஈரமில்லை, உலர்ந்த சருகைக் கையால் நொறுக்குவதுபோல இருந்தது.

"டொக்டர் நல்லாத் தண்ணி குடிக்கச் சொன்னவ எல்லே?"

"குடிக்கிறன்தானே. விடிய இருந்து நாலு போத்தல்." கட்டிலடியில் வெறும் போத்தல்கள் கிடந்தன. "ஆனால் தொண்டைக்குக் கீழ இறங்கிற மாதிரி இல்லையப்பா. ஆரோ இடையிலை நிண்டு வாங்கிக் குடிக்கிற மாதிரிக் கிடக்கு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். கணேசலிங்கத்தின் கையிலிருந்த தேத்தண்ணீர் தளும்பியது. குனிந்து பார்த்தார். கோப்பையில் பாதிதான் இருந்தது. அவர் நிறைய ஊற்றியிருந்தார்.

கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம் ஒரு சின்னப் போத்தலில் முன்னறையில் இருந்தது. அதையாவது அவளுடைய வாயில் விடலாம் என்று கீழே ஓடினார். மூடி இறுக்கியபடியே இருந்தது. உள்ளே ஒரு துளசி இலை, தொட்டால் பொடியாகிற பதத்தில், கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது. சாமிப்படத்துக்கு வைத்த பூக்கள் சுருண்டிருந்தன. வீடு முழுவதும் ஒரு மணம் பரவியிருந்தது. வற்றிப்போன கிணற்றுக்குள் தலையை நீட்டினால் அடிக்கிற மணம்.

வெளியே மழை பெய்யத் தொடங்கியது.

நிப்பாட்டிப் போடாதை.

படியேறி, சின்ன அறையின் கதவைத் திறந்தார். துவக்குகளைச் சுவரோரமாகக் கம்பளத்தின்மேல் வரிசையாகக் கிடத்தியிருந்தார். எல்லாவற்றையும் சுவர்ப்பக்கம் பார்க்க வைத்ததாகத்தான் ஞாபகம். இப்போது ஆறின் வாய்களும் கதவைப் பார்த்திருந்தன. குழல்களின் நுனியில் வெண்மையாகப் பொருக்கு வெடித்திருந்தது, சிவமலரின் உதடுகளில் இருந்ததுபோல.

ஒவ்வொரு துவக்கிலும் நூலால் ஒரு மட்டைத் துண்டைக் கிருஷ்ணராசா கட்டியிருந்தான். எங்கே வாங்கியது என்று எழுதியிருப்பான் என நினைத்து இதுவரை அவர் வாசிக்கவில்லை. மண்டியிட்டு வாசித்தார்.

*கட்டையில் மூன்று வெட்டு. மூன்று பேர்.*

*கட்டையில் பதினொரு வெட்டு. பதினொரு பேர்.*

*வெட்டு இல்லை. எத்தனை பேரோ தெரியாது. பாவங்கள்.*

*கைத்துவக்கு. ஒராள். உடனே செத்திருக்க மாட்டான்.*

அவர் அந்த எழுத்தைத் தடவினார். முப்பது வருடமாக ஒரு மனிதன், முகம் தெரியாத ஆட்களை எண்ணி, மாலைதோறும் தண்ணீர் கொடுத்திருக்கிறான். யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் பகிடி விட்டான்.

கவிழ்ந்து கிடந்த செம்பை எடுத்தார். அதன் கழுத்திலும், இத்தனை நாள் அவர் திருப்பிப் பார்க்காத ஒரு துண்டு இருந்தது.

*எங்கடை வாசல். ஒராள்.*

துண்டை வெளிச்சத்துக்குப் பிடித்து மறுபடி வாசித்தார்.

ஊரில், முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்திய ஒரு ஐப்பசி. ஊரடங்கு. ஒரு வீட்டுக்குள் பதினொரு பேர், விளக்கில்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. வாசற்படியில் ஒருத்தன் வந்து விழுந்தான். இரும்பு கல்லில் மோதுகிற சத்தம் கேட்டது, துவக்கோடு வந்தவன். எந்தப் பக்கத்தான் என்று தெரியாது. சத்தம் போடவில்லை, கதவைத் தட்டவில்லை. "தண்ணி" என்று மட்டும் கேட்டான். கிருஷ்ணராசா செம்பை எடுத்துக்கொண்டு எழும்பினான். கணேசலிங்கம் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தார். மற்றக் கையால் தாழ்ப்பாளை அழுத்திக்கொண்டார். இருட்டுக்குள்ளிருந்து சிவமலர், கல்யாணமாகி இரண்டு மாதம், "ஆரப்பா வாசலிலை?" என்று கேட்டாள்.

"ஒருத்தருமில்லை. காத்து," என்றார்.

ஒரு வாய் தண்ணீர் கொடுக்கப் பெரிய மனம் வேண்டியதில்லை. ஒரு தாழ்ப்பாளைத் திறக்கிற அளவு போதும். அன்று அந்த அளவு அவரிடம் இருக்கவில்லை. விடிந்து கதவைத் திறந்தபோது அவன் குப்புறக் கிடந்தான். ஒரு கை நிலைப்படியைத் தொட்டபடி. வாய் படிக்கல்லோடு ஒட்டியிருந்தது. இரவுப் பனியில் கல் கொஞ்சம் ஈரமாக இருந்திருக்கும். சிவமலரைப் பின்பக்கத்தால் கூட்டிப் போனார். அவள் பார்க்கவில்லை. கிருஷ்ணராசா பார்த்தான்.

செம்பை எடுத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். குழாயைத் திருகினார். நூல்போல வந்தது. விட்டுவிட்டு வந்தது. நின்றது. செம்பில் முக்கால்வாசி இருந்தது. போதும். இதைக் கொண்டுபோய் வைத்தால் போதும்.

"தண்ணி."

சிவமலரின் குரல் அல்ல.

கீழேயிருந்து வந்தது. முன்கதவுக்கு அப்பாலிருந்து, மழைக்கு உள்ளேயிருந்து. தாழ்ந்த குரல். யாரையும் குற்றம் சொல்லாத குரல். அன்று கேட்ட அதே குரல்.

ஓடிப்போய்க் கதவை அழுத்திப் பிடிக்கச் சொல்லி உடம்பு முழுவதும் கெஞ்சியது. பிறகு பக்கத்து அறையில் சிவமலர் மூச்சை இழுத்தாள். சருகு நொறுங்கியது.

"சிவசிவா," என்றார். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டியது.

இறங்கினார். ஒரு படி. இன்னொரு படி. செம்பைத் தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி. கதவின் கண்ணாடிக்கு அப்பால் தெருவிளக்கின் வெளிச்சம் மட்டும். ஆள் இல்லை. நிழல் இல்லை.

தாழ்ப்பாளில் கை வைத்தார். குளிர். அன்றைய தாழ்ப்பாளின் அதே குளிர்.

இழுத்தார்.

மழை முகத்தில் அடித்தது. சாரல் உள்ளே புகுந்து கால்மிதியை நனைத்தது. வாசலில் யாரும் இல்லை. படி மட்டும், மேலே கூரையில்லாத வெறும் சீமெந்துப் படி, அடித்துப் பெய்கிற மழையில் பளபளத்தது.

முழுவதும் அல்ல.

நடுவில் ஒரு இடம் உலர்ந்திருந்தது. வெளிறிய சாம்பல் நிறத்தில். தலையளவு. தோளளவு. பாதையின்மேல் நீண்டு, இரண்டு கால்கள். ஒரு மனிதன் குப்புறக் கிடக்கிற வடிவில் இருந்த அந்த இடத்தில் மழை விழுந்தது, ஆனால் அது நனையவில்லை. ஒரு கை நிலைப்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"குடி தம்பி," என்றார் கணேசலிங்கம். அழுதார். ஆனால் கண்ணிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. "குடி. அண்டைக்கு... என்னை மன்னிச்சுக்கொள்."

தலை இருக்கவேண்டிய இடத்தில் செம்பைச் சரித்தார். தண்ணீர் விழுந்தது. விழுகிற சத்தம் இல்லை. ஒரு துளியும் தெறிக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை ஊற்றினார்.

படி உலர்ந்தே கிடந்தது.

நிமிர்ந்தார். அப்போதுதான் கண்டார்.

பாதையில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், இன்னொரு உலர்ந்த வடிவம். அதற்குப் பின்னால் மூன்று. படலையடியில் ஒன்றின்மேல் ஒன்றாக. நடைபாதையில். நிறுத்தியிருந்த கார்களுக்கு இடையில். தெருவிளக்குகளின் கீழ், தெருவின் கோடி வரைக்கும், கொட்டுகிற மழையில் நனையாமல், வரிசை வரிசையாக, மனிதர்களின் அளவில். எல்லோரும் குப்புற. எல்லோருடைய கையும் அவருடைய கதவை நோக்கி.

கையில் வெறும் செம்பு.

பின்னால் படிக்கட்டு முனகியது. சிவமலர் போர்வையைப் போர்த்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"ஆரப்பா வாசலிலை?"

அவர் வாயைத் திறந்தார். காற்று என்று சொல்ல வேண்டும். ஒருத்தருமில்லை என்று சொல்ல வேண்டும். நாக்கு அசையவில்லை. கதவைச் சாத்தக் கை எழவில்லை.

"என்ன பேசாமல் நிக்கிறியள்?" வெடித்த உதடுகளால் அவள் சிரித்தாள், வீட்டுக்கு யார் வந்தாலும் சிரிக்கிற அதே சிரிப்பு. "இந்த மழைக்கை ஆக்களை வாசலிலை விடுறதே? உள்ள வரச் சொல்லுங்கோ."

கணேசலிங்கம் குனிந்து பார்த்தார்.

நிலைப்படிக்கு இந்தப் பக்கம், நனைந்து ஊறிய கால்மிதியின்மேல், ஒன்றன்பின் ஒன்றாக, ஐந்து விரல் வடிவங்கள் உலர்ந்தன.