ஏழு பேருக்கு ஒரு கப்பல்

"சார்... குடை! குடை!"

அகிலா கத்தி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐப்பசி மழைக்குத் தப்பி உள்ளே ஓடிவந்தவன், குடையை மடக்குகிறேன் பேர்வழி என்று ஒரு உதறு உதறினான். மேஜை மேல் விரித்து வைத்திருந்த கப்பல் படங்கள் மேலெல்லாம் பொலபொலவென்று தண்ணீர்.

"ஐயோ... சாரிங்க."

"கப்பல் மூழ்கிடுச்சு" என்றாள், துப்பட்டா நுனியால் படத்தைத் துடைத்தபடி.

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் நனைந்து ஒட்டிய முடி. இமை நுனியில் ஒரே ஒரு துளி... விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே சிரிக்கிற கண்கள். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். முன்பின் தெரியாத ஒருவனிடம் இவ்வளவு துடுக்காக அவள் பேசியதே இல்லை.

காந்தி ரோட்டில் இருந்த அந்தச் சின்ன டிராவல்ஸில் அன்று அவள் மட்டும்தான். முதலாளியம்மா மஹாலட்சுமி அக்கா திருப்புட்குழியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள்.

"கப்பல் டூர் போடறீங்கன்னு வெளியில எழுதியிருக்குது. அதான் வந்தேன்" என்று உட்கார்ந்தான். "பேரு கதிர்வேல். பிள்ளையார்பாளையம். வர்ற மாசில அப்பாவுக்கு அறுபது முடியுது. குடும்பத்தோட கப்பல்ல போவணும். இதோ, இதான் வேணும்."

அவன் விரல் வைத்த படத்தில் ஒரு பிரம்மாண்டமான கப்பல். மேல் தளத்தில் தண்ணீர்ச் சறுக்கு, கீழே டான்ஸ் மேடை.

அகிலா விவரம் எழுதும் தன் பாரத்தை எடுத்தாள். கம்பெனி கொடுத்தது இல்லை... அவளே ஸ்கேலால் கோடு போட்டு, கட்டம் கட்டிச் செய்தது.

"எத்தனை பேர், யாருக்கு என்ன வயசுன்னு சொல்லுங்க சார். அப்புறம் கப்பலைப் பார்ப்போம்."

"ஏழு பேரு. அப்பா உமாபதி, அம்மா கமலாட்சி. அத்தை பூவம்மாள், எழுபது வயசு, முழங்கால் வலி. அண்ணன், அண்ணி சுகாசினி, அவங்க பொண்ணு தீபிகா. பதினொரு வயசு, வயசைவிட வாய் ஜாஸ்தி. அப்புறம் நான்."

"அப்போ இந்தக் கப்பல் உங்களுக்குச் சரிப்படாது சார்."

"ஏன்?"

"ரூம்ல இருந்து சாப்பாட்டு ஹாலுக்கே அரைத்தெரு தூரம். அத்தையால நடக்க முடியாது. இன்னொரு கம்பெனி இருக்குது, ரொம்ப அமைதி. ஆனா உங்க தீபிகா ரெண்டாவது நாளே கடல்ல குதிச்சிடும். இந்த மூணாவது கம்பெனியைப் பாருங்க. நடுத்தரமான கப்பல். லிஃப்ட் பக்கத்துல ரூம், பிள்ளைங்களுக்குத் தனி குளம், வெங்காயம் பூண்டு இல்லாத சமையல் கேட்டாலும் உண்டு."

கதிர்வேல் அவளையே பார்த்தான். பேசும்போது அவள் கண்கள் படத்துக்கும் பாரத்துக்கும் ஓடி ஓடி... அவன் முகத்துக்கு மட்டும் வராமல் ஒளிந்துகொண்டன.

"சாப்பாட்டு மேஜையில யாருக்குப் பக்கத்துல யார் உட்காரணும்?"

"இதெல்லாமா கேப்பாங்க?"

"நான் கேப்பேன்."

அவன் குரல் இளகியது. "அப்பா பக்கத்துல அம்மா. வலது பக்கம். முப்பது வருஷமா தறியில அப்படித்தான். அப்பா புடவையோட உடலை நெய்வாரு, கரைக்கு ஊடு நூல் போற நாடாவை அம்மாதான் தள்ளுவாங்க. ஆனா குடும்பமா எங்க போனாலும் அம்மாதாங்க வீட்ல தங்கிடுவாங்க. ஒரு தடவை தறியில பாவு பாதியில நிக்குதும்பாங்க, ஒரு தடவை யாருக்காவது உடம்பு சரியில்லம்பாங்க. இந்த முறை ஒருத்தர்கூட வீட்ல தங்கக் கூடாதுன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"உங்க பக்கத்துல?"

"எனக்கா? யாரும் இல்லீங்க. கோடு போட்டுடுங்க."

கோடு போட்டாள். ஏனோ மெல்லியதாகத்தான்.

"தேதி?"

"மாசி அமாவாசை. அமாவாசைக்குத்தான் எங்க தெருவுல தறி ஓடாது. அதோட மூணு நாள் சேர்த்துக்குவோம்."

கடைசிக் கட்டத்தில் அவள் குரல் தேய்ந்தது. "வீட்ல யாராவது... முழுகாம இருக்காங்களா?"

கதிர்வேல் முகம் மாறியது. "அதெல்லாம் யாரும் இல்ல. எதுக்குங்க இவ்ளோ கேள்வி? பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி..."

அகிலாவின் காது மடல் சிவந்தது.

"நீங்க கப்பல்ல போயிருக்கீங்களா?" என்றான், எங்கிருந்தோ வந்த வீம்போடு.

"இல்ல."

"இதுக்காக ஏதாவது படிச்சிருக்கீங்களா?"

அந்தக் கேள்விதான். யார் கேட்டாலும் அவள் நெஞ்சில் முள்ளாய் இறங்குகிற கேள்வி. பாரத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"நான் சொன்ன கப்பலையே போடுங்க. வெள்ளிக்கிழமை வந்து முடிச்சிடறேன்." எழுந்து போய்விட்டான். மழை விட்டிருந்தது. மூலையில் அவன் குடை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

'ச்சே... குடையை மடக்கவும் தெரியல, எடுத்துக்கினு போகவும் தெரியல. இதுல திமிரு வேற' என்று நினைத்தாள். நினைக்கும்போதே உதட்டோரம் ஏன் சிரிப்பு வருகிறது என்றுதான் புரியவில்லை.

படங்களை அடுக்கும்போது அவன் விட்டுப்போன ஒரு காகிதம் கையில் சிக்கியது. வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு கேள்வி எழுதிக் கொடுத்திருந்தார்கள். 'கப்பல்ல விளக்கு ஏத்த விடுவாங்களா?' இது அத்தையாக இருக்கும். 'வைஃபை உண்டா??? ஸ்லோவா இருந்தா வரமாட்டேன்.' இது தீபிகாவேதான். கடைசியில் குட்டிக் குட்டி எழுத்தில் ஒரு வரி: 'எலுமிச்சங்காய் ஊறுகாய் எடுத்துட்டுப் போகலாமா? காப்பி வாசனை வராத ரூம் கிடைக்குமா?'

அகிலா அந்த வரியிலேயே நின்றாள். ஊறுகாய்... காப்பி வாசனை... அண்ணிக்கு மசக்கையா?

மனசுக்குள் மாதங்களை எண்ணினாள். இப்போது ரெண்டோ மூணோ என்றாலும், மாசிக்கு ஆறு முடிந்து ஏழு ஆகிவிடும். இருபத்து நாலு வாரம் தாண்டியவர்களை எந்தக் கப்பலும் ஏற்றாது. துறைமுகம் வரை போய் அண்ணி திரும்புவாள். அவளோடு துணைக்குத் திரும்பப் போவது... கமலாட்சி அம்மா இல்லாமல் வேறு யார்?

போனில் சொல்லலாமா? அவனே இல்லை என்று சொன்ன விஷயம். மூணு மாசம் முடிகிறவரை வெளியில் மூச்சு விடாத வீடுகள் எத்தனையோ. முன்பின் தெரியாத பெண் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

மறுநாள் காலை, செவிலிமேட்டில் டவுன் பஸ் ஏறியவள் நேரே பிள்ளையார்பாளையத்தில் இறங்கினாள். கையில் குடை. குடை இருக்கிற தைரியம்தான்!

தறிச் சத்தம் தெரு முழுக்க. உமாபதி வீட்டைக் கேட்டு உள்ளே நுழைந்தால், அவன் சொன்னபடியே அப்பாவும் அம்மாவும் ஒரே தறியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். அம்மா வலது பக்கம்.

"டிராவல்ஸ் பொண்ணா? வாம்மா கண்ணு, உக்காரு" என்றாள் கமலாட்சி. "சுகா, காப்பி கொண்டா."

சுகாசினி டம்ளரை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு வந்தாள். அகிலாவுக்குச் சந்தேகமே இல்லை. சுகாசினியின் காதருகே மெல்லச் சொன்னாள்.

"அக்கா... எல்லார் வீட்லயும் பொதுவா சொல்ற விதிதான். ஆறு மாசம் ஆயிட்டவங்களைக் கப்பல்ல ஏத்த மாட்டாங்க."

சுகாசினியின் கண்கள் நிறைந்தன. "பதினொரு வருஷம் கழிச்சு தங்கியிருக்குதும்மா. அதான் யார்கிட்டயும்..."

மெல்லச் சொன்னது தறி வரைக்கும் கேட்டுவிட்டது போல; தறி நின்றுவிட்டது. கமலாட்சி நாடாவைக் கையில் பிடித்தபடியே சொன்னாள், ரொம்பச் சாதாரணமாக.

"இதுக்கு எதுக்கு அழுவற? நீயும் நானும் வீட்ல இருந்துக்கலாம். அவங்க போய்ட்டு வரட்டும். கடலு எங்க ஓடிடப் போவுது?"

"இன்னாம்மா பேசற நீ?"

வாசலில் கதிர்வேல். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ... கோபம் அகிலா பக்கம் திரும்பியது. "வீட்டுக்கே வந்துட்டீங்களா? யாருங்க உங்களுக்கு இதைச் சொன்னது?"

அகிலா அந்தக் காகிதத்தை நீட்டினாள். ஊறுகாய் வரியில் அவள் விரல். அவன் படித்தான். இன்னொரு தடவை படித்தான். நிமிரவே இல்லை.

"அவன் மேல தப்பு இல்லம்மா" என்றாள் கமலாட்சி. "மூணு முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நான்தான் அவன் வாயை அடைச்சு வெச்சேன்."

அகிலா சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டாள். "மார்கழி அமாவாசைக்குப் போனா நாலு, அஞ்சு மாசம்தான் ஆகும். டாக்டர் எழுதிக் கொடுத்தா போதும். அந்த நடுத்தரக் கப்பல்ல டாக்டர் இருக்காங்க. நடுவுல, கீழ்த் தளத்துல ரூம் எடுத்தா ஆட்டமும் கம்மி. ஏழு பேரும்... ஏழு பேரும் போகலாம்."

"மாசிலதானே எனக்கு அறுபது முடியுது?" என்றார் உமாபதி, அதுவரை வாயே திறக்காதவர். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் மனைவியின் கையிலிருந்த நாடாவைப் பார்த்தார். "அது எப்படியும் வந்து சேரும். இவளை விட்டுட்டு எனக்கு எந்தக் கப்பலும் வேணாம். மார்கழியே போடு."

கமலாட்சி சட்டென்று தறிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானை கண்ணுக்குப் போனதை அகிலா மட்டும் பார்த்தாள்.

"நான் வரேன்மா." குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே தெருவில் இறங்கி நடந்தாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி மழை. சாயங்காலம் ஆகியும் அவன் வரவில்லை. 'வேற எங்கயாவது போட்டிருப்பாரு. நமக்கென்ன...' என்று பத்தாவது தடவையாக வாசலைப் பார்த்தாள்.

வாசலில் ஒருவன் நின்று, குடையைத் தெருப்பக்கமாகத் திருப்பி, மெதுவாக, மிக மெதுவாக, ஒரு சொட்டு உள்ளே தெறிக்காமல் மடக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணியை டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போயிருந்தோம். போகலாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்றான். பிறகு குரல் தாழ்ந்தது. "அன்னைக்கு நான் பேசினது... என்ன படிச்சிருக்கீங்கன்னு கேட்டேனே... மூணு நாளா எனக்கே காதுல கேட்டுக்கினே இருக்குதுங்க."

அகிலா பாரத்தை எடுத்து வைத்தாள். "கையெழுத்துப் போடுங்க சார்."

"ஒரு கட்டத்தை மாத்தணும்." அவன் விரல் அந்தக் கோட்டின் மேல் நின்றது. அவன் பக்கத்தில் யார் என்ற கட்டம். "மார்கழிக்கு இது இப்படியே இருக்கட்டும். ஆனா அடுத்த தடவை குடும்பத்தோட போவும்போது இங்க கோடு இருக்கக் கூடாது."

மழைச் சத்தம். அகிலா பேனாவை மூடி வைத்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன். உங்களுக்குச் சரின்னா அவங்களே உங்க வீட்டுக்கு வர்றேன்னு சொன்னாங்க. இல்லன்னா... குடையை எடுத்துக்கினு போயிடறேன். மறக்காம."

சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும்.

"நான் பதினொண்ணாவது பாதியிலயே நின்னுட்டேங்க" என்றாள். எவரிடமும் சொல்லாததை, முதல் முறையாக, நிமிர்ந்து, அவன் கண்களைப் பார்த்து. "கடலையே ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன்."

கதிர்வேல் பாரத்தை மேலிருந்து கீழாக விரலால் தடவித் தேடினான். "வயசு இருக்குது... முழங்கால் வலி இருக்குது... ஊறுகாயைக்கூட சேர்த்து எழுதியிருக்கீங்க. படிப்புக்குக் கட்டமே இல்லையே? நீங்க போட்ட பாரம்தானே?"

அகிலா பாரத்தைத் தன் பக்கம் திருப்பி, அவன் பக்கத்துக் கட்டத்தில் இருந்த அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்து, அதன் மேலேயே, குட்டியாக, தெளிவாக எழுதினாள்.

அகிலா.