மலைக்குள் கேட்ட உளிச் சத்தம்

“யார் போறீங்க?”

ஜிம்ஷெர் மன்னர் இரண்டாம் முறையாகக் கேட்டார். குகை மண்டபத்தில் சுவரோரமாக நின்ற பிரபுக்கள் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜார்ஜிய நாட்டின் தெற்கு மலைகளில், செங்குத்தான பாறையைக் குடைந்து கட்டிய நகரம் அது. தேவாலயம், குதிரை லாயம், அரண்மனை எல்லாமே பாறைக்குள்தான். ஜிம்ஷெர் முடிசூடிய அன்றே பூமி அதிர்ந்தது. நகரத்தின் மேற்குப் பாதி இடிந்து மூடிக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே மாண்டுபோனார்கள். “இந்த ராஜாவை மலைக்கே பிடிக்கலை” என்று சனங்கள் கிசுகிசுத்தார்கள். மன்னர் காதில் விழும்படியே கிசுகிசுத்தார்கள்!

இப்போது குளிர்காலம் கழிந்து, மங்கோலியக் குதிரைப்படை பள்ளத்தாக்கை நோக்கி வந்துகொண்டிருந்தது. பிரபுக்களோ ஒரே பிடியாக நின்றார்கள். மன்னரின் தந்தை ஏந்திய போர்வாள் இவர் இடுப்பில் ஏறினால்தான் அவர்கள் பின்னால் வருவார்களாம். அந்த வாள் மூடிக்கிடந்த மேற்குப் பாதியின் கருவூலத்தில் இருந்தது.

“யாரும் இல்லைன்னா நானே போறேன்” என்று மன்னர் எழுந்தார். இருபத்திரண்டு வயது முகம் வெளிறிக் கிடந்தது.

“நீங்க போய்ச் செத்துட்டா நாங்க யாருக்காகச் சண்டை போடுறது?” என்றார் மூத்த பிரபு வார்தான். அந்தக் குரலில் அக்கறை இல்லை.

“நான் போறேன், அரசே!”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் முன்னே வந்தாள். அவள் பெயர் நாத்தேலா. திராட்சை ரசக் கிடங்கில் வேலை செய்பவள். கிடங்கு மேற்குப் பாதியில் இருந்தது. அதன் காவலராக இருந்த அவளுடைய அப்பா குர்கேன் பூமி அதிர்ந்த நாளன்று உள்ளே போனவர்தான், திரும்பவில்லை.

“வாளுக்காகவா போறே?” என்று மன்னர் கேட்டார்.

“பொய் சொல்ல மாட்டேன், அரசே. எங்கப்பாவை வெளியே கொண்டுவந்து நல்லடக்கம் பண்ணணும். வாளையும் எடுத்துட்டு வரேன்.”

மன்னர் தன் மெய்க்காவலன் தோர்க்வாவைத் துணைக்கு அனுப்பினார். வாசலை அடைத்து நிற்கும் அளவுக்குப் பெரிய ஆள். மடத்திலிருந்து எலிஸே என்ற துறவியும் சேர்ந்துகொண்டார். இறந்தவர்களுக்கு ஜெபம் சொல்ல ஆள் வேண்டுமே! பயம் வந்தால் எலிஸேவுக்குச் சிரிப்பு வந்துவிடும். புறப்படும்போதே அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மேற்குப் பாதிக்குள் போக ஒரே வழிதான் மிச்சம். மலையின் வயிற்றுக்குள் ஒரு பெரிய தொட்டி இருந்தது. அங்கிருந்து நகரத்துக்குக் குடிநீர் வரும் வாய்க்கால், ஆள் தவழும் அளவுக்குத் திறந்திருந்தது. பகல் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் சுருங்கிக்கொண்டே போக, மூவரும் பனித் தண்ணீரில் தவழ்ந்தார்கள். பாறை தோளை உரசியது. எங்கோ மேலே ஒரு கல் நகர்ந்து மலை முனகியது.

“சாமி, சிரிக்காதீங்க” என்றான் தோர்க்வா.

தொட்டிக் கரையில் ஏறி விளக்கேற்றினார்கள். கருநீராய் அசையாமல் கிடந்தது தண்ணீர். தொட்டியின் ஒரு மூலையில் மதகு. ரசத் தாழிகளைக் கழுவ அதைச் சற்றே தூக்கித் தண்ணீரைக் கிடங்குக்குள் விடுவார்கள். நாத்தேலா அந்த மதகுக் கட்டையை எத்தனையோ முறை அப்பாவோடு சேர்ந்து இழுத்திருக்கிறாள். பக்கத்திலேயே படிகள் கீழே இறங்கின.

கிடங்கில் புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. ஆள் உயரத் தாழிகள் கழுத்துவரை தரையில் புதைந்திருந்தன. பல உடைந்து வாயைப் பிளந்து கிடந்தன. தோர்க்வா விளக்கைத் தாழ்த்திக் கீழே பார்த்தான். சுடர் படபடத்து நீலமாகிச் சுருங்கியது.

“விளக்கைத் தூக்குங்க அண்ணே! குனியாதீங்க!” நாத்தேலா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். “ரசம் பொங்கின சமயத்துல இடிஞ்சு மூடியிருக்கு. அந்தக் கெட்ட காத்து இன்னும் கீழே தேங்கிக் கிடக்கு. மூச்சு இழுத்தா அப்படியே தூங்கிடுவோம்.”

விளக்கைத் தலைக்கு மேலே பிடித்தபடி, சுவரோரத் திட்டில் ஏறி நடந்தார்கள். எலிஸேயின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

அப்போதுதான் கேட்டது.

டொக். டொக். டொக்.

மூவரும் சிலையானார்கள். சத்தம் கீழே, கருவூலம் இருந்த பக்கத்திலிருந்து வந்தது. சற்று நின்றது. மறுபடி, டொக், டொக்.

“யாரோ உயிரோட இருக்காங்க!” நாத்தேலாவின் குரல் உடைந்தது. “அப்பாதான்! தட்டுறார்! சாமி, கேக்குதா?”

கையில் அகப்பட்ட கல்லை எடுத்துச் சுவரில் பதில் தட்டப் போனாள். தோர்க்வாவின் கை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

“பொறு தாயி. ஆறு மாசம் ஆச்சு. கிட்டப் போய்ப் பாப்போம். அப்புறம் தட்டு.”

அவள் கடைசிப் படிகளில் ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். கருவூல வாசல் தெரிந்தது; பாறை வெடிப்பு வழியே நல்ல காற்று வீச, இங்கே விளக்கு நேராக எரிந்தது. வாசலருகே சுவரில் சாய்ந்து ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“அப்பா!”

அவர் திரும்பவில்லை. குளிரில் காய்ந்து சுருங்கிய உடல். காயம் எதுவும் இல்லை. மடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, தூங்குகிறவரைப் போல இருந்தார். இடுப்பில் மாட்டுக்கொம்புக் கொக்கி போட்ட பட்டை. அது நாத்தேலா தைத்துக் கொடுத்தது.

அவள் அருகில் உட்கார்ந்து அந்தக் கையைத் தொட்டாள். அழுகை வரவில்லை. எலிஸே ஜெபத்தின் முதல் வார்த்தையைத் தொடங்கினார்.

டொக். டொக்.

எலிஸேயின் உதடுகள் அப்படியே நின்றன. அப்படியானால் தட்டுவது யார்?

தோர்க்வா சுவரில் காதை வைத்தான். உளிச் சத்தத்துக்கு நடுவே குரல்கள் கேட்டன. பல குரல்கள். யாரோ அதட்டினான், யாரோ பதில் சொன்னான். ஒரு சொல்கூட ஜார்ஜிய மொழி இல்லை.

“மங்கோலியன்!” என்று தோர்க்வா மெல்லச் சொன்னான். முகத்தில் ரத்தமே இல்லை. “நமக்குத் தெரியாம முன்கூட்டியே வந்து, மலையோட பின்பக்கப் பள்ளத்துலேருந்து குடைஞ்சுட்டு வரான். நாம கோட்டைக் கதவைச் சாத்திட்டு உள்ளே உக்காந்திருப்போம். அவன் நம்ம படுக்கைக்கு அடியிலேருந்து எழுந்து வருவான்!”

கருவூலக் கதவு சரிந்த பாறையில் சிக்கி ஒரு சாண் திறந்திருந்தது. இடுக்கு வழியே விளக்கொளியில் ஒரு நீண்ட பெட்டி தெரிந்தது. மூடியில் பொன் சிங்கம். வாள் இருந்த பெட்டி! தோர்க்வா கொண்டுவந்திருந்த கடப்பாரையை நுழைத்துச் சத்தமில்லாமல் நெம்பினான். கதவு ஒரு விரல்கடை நகர்ந்தது. இன்னும் கொஞ்சம்! இன்னும் கொஞ்சம்!

படீரென்று உள்ளே சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்து விழுந்தது. ஓட்டை வழியே செந்நிற வெளிச்சம் பாய்ந்தது. அந்தப் பக்கம் உற்சாகக் கூச்சல்!

“விளக்கை அணை!” என்று தோர்க்வா பல்லைக் கடித்தான். “நீங்க ரெண்டு பேரும் ஓடிப் போய்ச் சேதி சொல்லுங்க. நான் இங்கே நிக்கிறேன்.”

“எத்தனை பேரை நிறுத்துவீங்க அண்ணே? நாங்க தவழ்ந்து வெளியே போறதுக்குள்ளே அவங்க தொட்டிக்கே வந்துடுவாங்க.”

சொல்லும்போதே அவளுக்கு மதகு நினைவு வந்தது. கட்டையை முழுசாகப் பிடுங்கினால் தொட்டி மொத்தமும் கிடங்கில் பாயும். கிடங்கிலிருந்து இந்தக் கருவூலத்துக்கு. இங்கிருந்து அவர்கள் குடைந்த வழிக்கு. பெட்டி போகும், வாள் போகும், நகரத்தின் குடிநீர் போகும்.

அப்பாவும் போவார்.

அவள் இருட்டில் அந்தப் பட்டையைத் தடவினாள். அவரைத் தூக்கிக்கொண்டு படியேற நேரமில்லை.

“மன்னிச்சிடுப்பா” என்றாள். பிறகு எழுந்து ஓடினாள்.

மூவரும் படிகளில் தடுக்கி விழுந்து, சுவரைத் தடவி மேலே பாய்ந்தார்கள். பின்னால் கருவூலக் கதவு உடைந்து கற்கள் சரிந்தன, காலடிகள் பெருகின. தீப்பந்த ஒளி கிடங்கின் வாசலில் ஆடியது! நாத்தேலா மதகுக் கட்டையைக் கட்டிப்பிடித்தாள். ஊறிப் பெருத்திருந்த கட்டை அசையவில்லை. தோர்க்வா வந்து பிடித்தான். எலிஸே துறவி தன் அங்கியைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்து, கட்டையின் அடியைத் தோளால் முட்டினார்.

“இழுங்க! இழுங்க!”

கட்டை பிடுங்கிக்கொண்டு வந்தது. மலையே இரைந்தது. தண்ணீர் சுவராக எழுந்து படிகளில் விழுந்தது. கீழே தீப்பந்தங்கள் ஒரே மூச்சில் அணைந்தன. அலறல்கள் கேட்டன. கொஞ்ச நேரத்தில் அவையும் இல்லை. நீரோடு போகவிருந்த எலிஸேயைத் தோர்க்வா கழுத்தைப் பிடித்துக் கரையில் போட்டான். துறவி நடுநடுங்கிக்கொண்டே சிரித்தார், பிறகு விம்மி அழுதார்.

வெறுங்கையோடு மூவரும் மண்டபத்தில் நின்றபோது பிரபுக்கள் கொதித்தார்கள். “வாளும் இல்லை, தண்ணியும் இல்லை! ஊர்ல இருந்த கடைசிச் சொட்டையும் கொட்டிட்டு வந்திருக்கா!” என்று வார்தான் கத்தினார். “இனி எத்தனை நாள் இந்தக் கோட்டைக்குள்ளே உக்காந்திருக்க முடியும்?”

நாத்தேலா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“ஒரு நாள்கூட உக்கார முடியாது, வார்தான்” என்றார் மன்னர். குரலில் நடுக்கம் இல்லை. “நாம உள்ளே உக்காந்திருப்போம்னு நம்பித்தான் அவன் பின்பக்கப் பள்ளத்துல கூடாரம் போட்டிருக்கான். இப்ப அந்தப் பள்ளம் வெள்ளக்காடு. அவன் ஆள் சிதறிக் கிடக்கான். குதிரையைக் கொண்டு வாங்க!”

“எந்த வாளோட போவீங்க?”

“கையில இருக்கிறதோட.”

அவர் குதிரையேறினார். தோர்க்வா ஈரம் சொட்டச் சொட்ட அவர் பின்னால் இன்னொரு குதிரையில் ஏறினான். இரண்டே குதிரைகள் சரிவில் இறங்கின. மன்னர் திரும்பியே பார்க்கவில்லை. வாசலில் நின்ற பிரபுக்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் ஓர் இளைய பிரபு குதிரையைத் தட்டிவிட்டான். பிறகு இருவர். பிறகு சரிவெங்கும் குளம்போசை. எல்லாருக்கும் கடைசியாக, முணுமுணுத்துக்கொண்டே வார்தானும் இறங்கினார்.

சேற்றில் சிக்கிய எதிரிப்படை அன்று பள்ளத்தை விட்டு ஓடியது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. வார்தானும் திரும்பவில்லை. மன்னரைக் காக்க அவர் குதிரைக்கு முன்னால் பாய்ந்து நின்றபோது விழுந்தாராம்.

தண்ணீர் வடிந்த பிறகு குர்கேனின் உடல் பள்ளத்துப் பாறையிடுக்கில் கிடைத்தது. இடுப்புப்பட்டை அப்படியே இருந்தது. பாடையின் ஒரு முனையை மன்னர் தோளில் சுமந்தார். நாத்தேலா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

மங்கோலியர்கள் மறுபடியும் வருவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஜிம்ஷெரின் ஆட்சியில் அமைதியான வருடம் என்று ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அடக்கம் முடிந்து மேலே ஏறும்போது தோர்க்வா நாத்தேலாவிடம் சொன்னான்:

“எடுக்கப் போன வாளை எடுக்காம வந்தோம்னு வருத்தப்படாதே தாயி. போனதாலதானே அந்தச் சத்தத்தைக் கேட்டோம்.”

அவள் தலையசைத்தாள். கீழே, மதகை மறுபடி அடைத்திருந்த தொட்டியில், ஊற்று மெல்ல மெல்லத் தண்ணீரைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது.