தங்கை மகள் துர்காதேவி

வெள்ளிக்கிழமை வந்தாலே பிரித்திகாவின் கண்ணும் காதும் பெரியம்மாவின் செல்போன் மேல்தான் இருக்கும். குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்யும் அம்மாவுக்கு அன்றுதான் ஓய்வு. பிரித்திகா பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் பார்த்துக் கூப்பிடுவாள்.

இந்த வெள்ளிக்கிழமை மட்டும் கதை வேறு. "ஊர்ல கங்கம்மா ஜாத்திரைத் திருவிழாவுக்கு வர முடியாதும்மா, லீவு தர மாட்டேங்கறாங்க" என்று அம்மா போன வாரம் சொல்லிவிட்டாள். அப்போதே பிரித்திகா முடிவெடுத்துவிட்டாள். இனி அம்மாவோடு பேச்சே கிடையாது. காய் என்றால் காய்தான்!

சாயங்காலம் பிரேமலதா டீச்சர் கையில் போனோடு வீட்டுக்கு வந்தார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

"குடும்பத் தலைவர் எவரண்டி?" என்று ஊர் வழக்கப்படி தெலுங்கு கலந்து கேட்டார்.

"நான்தான்," என்று பெரியப்பா பழனி நெஞ்சை நிமிர்த்தினார்.

"கணக்குக்கு மட்டும்," என்று அடுப்படியிலிருந்து பெரியம்மா இந்திராணியின் குரல் வந்தது.

டீச்சர் சிரித்துக்கொண்டே பதிந்தார். "பிரித்திகா உங்களுக்கு என்ன உறவு?"

"எங்க பொண்ணுதான், எழுதுங்க."

"பெத்த பொண்ணா?"

பெரியப்பா தலையைச் சொறிந்தார். "எங்க அத்தை பொண்ணு துர்காதேவி இருக்குதே, அதோட பொண்ணு. நைனா இல்லாத பிள்ளை. துர்கா குவைத் போனதுல இருந்து எங்ககூடத்தான் இருக்குது."

"அப்ப மற்ற உறவினர்னு போடறேன்," என்றார் டீச்சர்.

பிரித்திகாவுக்குச் சுருக்கென்றது. "நான் மத்தவ இல்ல டீச்சர்! எங்கம்மாவோட பொண்ணு. எங்கம்மாவையும் எழுதுங்க."

"இந்த வீட்ல தங்கினு இருக்கறவங்களத்தான் எழுத முடியும் கண்ணு. தலைவருக்கு என்ன உறவுன்னு மட்டும்தான் கேப்பாங்க."

பிரித்திகாவின் முகம் வாடியதைப் பெரியப்பா பார்த்துவிட்டார். பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, பீரோவிலிருந்து பழுப்பேறிய ஒரு தாளை எடுத்து வந்தார்.

"எங்க நைனாவும் வாத்தியார்தான் டீச்சர். அவரும் இதே கணக்கு எடுத்தாரு. வீடு வீடா கணக்கெடுக்கப் போறதுக்கு முன்னாடி நம்ம வீட்டையே எழுதிப் பழகினாரு. அவரு கையெழுத்துக்காக வச்சினு இருக்கேன்."

"எவ்ளோ அழகான எழுத்து!" என்று டீச்சர் வியந்து பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.

தாள் பிரித்திகாவின் கைக்கு வந்தது. எல்லாம் தெலுங்கில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பதுதானே, எழுத்துக் கூட்டாமலே படித்தாள்.

வேங்கடாசலம், குடும்பத் தலைவர். சுந்தரம்மா, மனைவி. பழனி, மகன். துர்காதேவி, வயது ஒன்பது, தங்கை மகள்.

"ஐ, அம்மா!" என்று கத்திவிட்டாள். உடனே கோபம் ஞாபகம் வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு அப்போது அவளைவிடச் சின்ன வயது. நினைக்கவே வேடிக்கையாக இருந்தது. ஆனால் ஏதோ உதைத்தது. தங்கை மகள் இருக்கிறாள், தங்கை எங்கே? அதாவது, அம்மாவைப் பெற்றவள், போட்டோவில் மட்டும் பார்த்திருக்கும் வள்ளி ஆயா?

"பெரியம்மா, இதுல ஆயாவை எழுத மறந்துட்டாங்க!"

"வாத்தியாரு மறப்பாரா இன்னா? நல்லா பாருடி."

மறுபடியும் பார்த்தாள். ஆயா பெயர் எங்குமே இல்லை. வீட்டில் தங்கி இருப்பவர்களைத்தான் எழுத முடியும் என்று டீச்சர் சொன்னாரே.

"அப்ப ஆயா இங்க இல்லையா?"

பெரியம்மா கை துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆயா பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போய்க்கினு இருந்துச்சு. உங்கம்மாவை இங்க விட்டுட்டு. வருசத்துக்கு ஒரு தடவை வந்தா பெரிசு."

பிரித்திகா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழனி மகன். துர்காதேவி வெறும் தங்கை மகள். அந்தத் தாளில் அம்மாவை 'என் மகள்' என்று சொல்ல யாருமே இல்லை. இன்றைக்குத் தானும் அப்படித்தான். இதே வீட்டில், இதே வாசலைப் பார்த்துக்கொண்டு, அம்மாவும் தன் அம்மாவுக்காகக் காத்துக்கொண்டு இருந்திருப்பாள். நினைக்க நினைக்க அந்த ஒன்பது வயது துர்காதேவியைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

போன் அடித்தது. பெரியம்மா எடுக்கவில்லை. பிரித்திகாவைத்தான் பார்த்தாள்.

பிரித்திகா எடுத்தாள்.

"கண்ணு! கோவமாடா?" அம்மாவின் குரல் பயந்து பயந்து வந்தது.

"அம்மா, ஆயா பெங்களூர்ல இருக்கும்போது உனக்கு ரொம்ப அழுகை வருமா?"

பிரித்திகா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யாரு சொன்னா உனக்கு?" என்றாள் அம்மா.

"நானே கண்டுபிடிச்சேன். சொல்லும்மா."

"வரும். ஆயா வரும்போது ஓடிப்போய்க் கட்டிக்கணும்னு நெனைப்பேன். வந்ததும் கோவம் வந்துடும். கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிப்பேன்."

"எவ்ளோ நேரம்?"

"ஆயா துன்ன கூப்பிடற வரைக்கும். பசிக்குமில்ல!"

பிரித்திகா சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

"அழாதம்மா. லீவு எப்ப குடுத்தாலும் சரி, அப்ப வா. நான் ஒளிஞ்சிக்க மாட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமா. சென்னை ஏர்போர்ட்டுக்கே வந்துடுவேன். கூட்டத்துல எல்லாருக்கும் முன்னாடி நிப்பேன். நீ வெளிய வந்ததும் முதல்ல என்னைத்தான் பாக்கணும்."